பாதித் தட்டு

மார்ச் 3, செவ்வாய்

இன்று குட்டிகளை எடை போட்டார்கள். கடைசிக் குட்டி தராசின் மேலேயே தூங்கிப்போனது. தம்பி மனைவி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். தம்பி அதன் பிடரியைப் பற்றித் தூக்கி, "காவலுக்குப் பொறந்துட்டு தூக்கத்தைப் பாரு" என்றான். அந்தரத்தில் தொங்கியபடியே அது கொட்டாவி விட்டது.

பள்ளியிலிருந்து ஓய்வு பெற்று தம்பி வீட்டின் இந்த மாடி அறைக்கு வந்த பிறகு என் ஜன்னலுக்குக் கீழே எப்போதும் கூண்டுகள்தான். சிமென்ட் தரை, கம்பி வலைக் கதவுகள், தகரக் கூரை, தண்ணீர் வடிய ஓரமாக ஒரு கால்வாய், மூலையில் கழுவுவதற்கு ஒரு நீளமான ரப்பர் குழாய். தம்பி வளர்த்து விற்பது கன்றுக்குட்டி அளவுக்கு வளரும் காவல் நாய்கள். வருகிறவர்கள் அவனை மாஸ்டர் என்கிறார்கள், என்னை டீச்சர் என்கிறார்கள். "ரெண்டு வாத்தியார் இருக்கிற வீடு, அதான் நாய்கூட கையைக் கட்டிக்கிட்டு நிக்குது" என்று பால்காரர் கேலி செய்வார்.

மார்ச் 8, ஞாயிறு

முதல் குட்டி போனது. வாங்கியவர் ஒரு வெல்டர். வாசல் கேட், ஜன்னல் கம்பி செய்கிறவர். ஆளே ஒரு கேட் மாதிரி இருக்கிறார். மனைவி தையல்காரி. அவர் தோள் உயரத்துக்குக்கூட வரமாட்டாள், பேச்சு மட்டும் இரண்டு ஆளுக்கு. தராசில் தூங்கிய குட்டியைத்தான் எடுத்தாள். "இவர்தான் இனிமே எங்க முதலாளி. வீட்ல ரெண்டு பேரும் தொழிலாளி. தூங்கறதுக்கும் ஒருத்தர் வேணும்ல?" என்றாள். பெயர் அங்கேயே நிலைத்துவிட்டது.

குட்டியைக் கையில் கொடுக்கும் முன் தம்பி எல்லோருக்கும் நிபந்தனை சொல்வான். காகிதம் கிடையாது, கையெழுத்து கிடையாது. கை கொடுத்தால் வாக்கு. ஒரே ஒரு ஆள்தான் சாப்பாடு வைக்க வேண்டும். எலும்போடு பச்சை இறைச்சி. கையால் ஊட்டவே கூடாது. அப்புறம், அவன் 'பாதித் தட்டு' என்று சொல்வது. குட்டி பாதி தின்றுகொண்டிருக்கும்போது தட்டைப் பிடுங்க வேண்டும். உறுமினால் தோல்வாரால் ஒரு அடி. அடங்கிய பிறகு திருப்பிக் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு வேளையும். அவன் என்றைக்கு வேண்டுமானாலும் சாப்பாட்டு நேரத்தில் வந்து பார்ப்பான். மீறியிருந்தால் குட்டி திரும்ப அவனுக்கு.

"அக்கா, நீ ஒரு உதாரணம் சொல்லு. உன் வாயால சொன்னாத்தான் மண்டையில ஏறும்."

சொன்னேன். சாலையில் சிவப்பு விளக்கு எரிந்தால் எவ்வளவு அவசரம் இருந்தாலும் நிற்கிறோம் அல்லவா, அது போல என்றேன். வெல்டர் தலையாட்டினார். தையல்காரி மட்டும், "நிக்கிறோம் டீச்சர். ஆனா அந்த விளக்கு எறங்கி வந்து நம்ம வண்டியைப் பிடுங்கிக்கிட்டுப் போறதில்லையே" என்றாள்.

வெல்டர் வாக்குக்குக் கை கொடுத்தார்.

மார்ச் 11

மதியம் எல்லோரும் சேர்ந்து சாப்பிட்டோம். தம்பியின் இடது கை தட்டைச் சுற்றி வேலி மாதிரி வளைந்திருந்தது. சின்ன வயதிலிருந்து அப்படித்தான். எங்கள் அப்பாவுக்கு ஒரு பழக்கம். கோபம் வந்தால் முதலில் அடிக்கமாட்டார்; சாப்பிட்டுக்கொண்டிருக்கும் தட்டை இழுத்துக்கொள்வார். அழாமல் இருந்தால் திரும்பி வரும். நான் வேகமாகச் சாப்பிடக் கற்றுக்கொண்டேன். அவன் கையை வளைக்கக் கற்றுக்கொண்டான்.

அவனுக்குத் தலை நரைத்துவிட்டது. அப்பா போய் எத்தனையோ காலம் ஆகிறது. இன்னும் யாரிடமிருந்து காக்கிறான்?

ஏப்ரல் 2

எல்லாக் குட்டிகளும் போயாயிற்று. தாய் நாய் மூலை மூலையாக மோந்து பார்த்துவிட்டு, காலி மூலையில் போய்ப் படுத்துக்கொள்கிறது.

மே 10, ஞாயிறு

காதில் ஒரு சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கிறது. எழுதினால் நிற்குமா, பார்க்கிறேன்.

தம்பி வெல்டர் வீட்டுக்கு நிபந்தனை பார்க்கக் கிளம்பினான். "நீயும் வாக்கா. நீ இருந்தா மரியாதையா பேசுவாங்க" என்று என்னையும் வேனில் ஏற்றினான். அங்கே முன்பக்கம் பட்டறை, பின்பக்கம் வீடு. வெல்டர் ஒரு பெரிய கேட்டைப் பற்றவைத்துக்கொண்டிருந்தார். உள்ளே, தையல் மெஷினுக்குக் கீழே வெட்டுத் துணிக் குவியலில் முதலாளி மல்லாந்து கிடந்தான். நன்றாக வளர்ந்திருந்தான். தையல்காரி வேகவைத்த இறைச்சியைப் பிய்த்துப் பிய்த்து அவன் வாயில் வைத்துக்கொண்டிருந்தாள்.

"கையாலயா?" என்றான் தம்பி.

"தட்டுல வெச்சா நம்மளையும் பக்கத்துல உக்காரச் சொல்றாரு மாஸ்டர். தனியா சாப்பிடப் பிடிக்காதாம்."

"பாதித் தட்டு பண்றீங்களா இல்லையா?"

"முதலாளி தட்டைப் பிடுங்கினா நம்ம வேலை போயிடாதா?"

அவள் சிரித்தாள். அவன் சிரிக்கவில்லை. மீதி இறைச்சியைத் தட்டில் கொட்டி குட்டிக்கு முன்னால் வைத்தான். அது வாய் வைத்ததும் பிடுங்கினான். குட்டி உறுமவில்லை. நிமிர்ந்து பார்த்து வாலை ஆட்டியது. விளையாட்டு என்று நினைத்ததோ என்னவோ, ஒரு காலைத் தூக்கி அவன் முழங்கால் மேல் வைத்தது.

நல்லதுதானே? அதைத்தானே அவன் கேட்டான்? ஆனால் அவன் முகம் கறுத்துப்போயிற்று. "கெடுத்து வெச்சிருக்கீங்க. துளி பயம் இல்ல இதுக்கு" என்று கழுத்துப்பட்டையைப் பிடித்து இழுத்தான். அவள் குட்டியின் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். நடுவில் குட்டி வீல் என்று கத்தியது.

"விடு!"

"நீ விடுய்யா! புள்ளை மாதிரி வெச்சிருக்கேன்!"

அவன் வாரை வீசினான். குட்டியைத்தான் குறி வைத்தான் என்று நினைக்கிறேன். விழுந்தது அவள் கன்னத்தில். கண்ணுக்குக் கீழே தோல் பிளந்து, அவள் மெஷினோடு சேர்ந்து சரிந்தாள். வெல்டர் முகமூடியைத் தூக்கிக்கொண்டே ஓடிவந்தார். கையிலிருந்த இரும்புப் பட்டையால் தம்பியின் நெற்றியில் ஒரே அடி. புருவம் இரண்டாகப் பிரிந்தது. ரத்தம் கண்ணை மூடிவிட்டது. இருவரும் கட்டிப்புரண்டு பட்டறைக்குள் போனார்கள். நான் "போதும், போதும்" என்று கத்தினேன், மூன்றாம் வகுப்பில் கத்துவது போல. யார் காதில் விழும்? தம்பி அவரைத் தள்ளினான். விழாமல் இருக்க அவர் கையை ஊன்றினார். ஊன்றியது அப்போதுதான் பற்றவைத்த இடத்தில்.

அந்தச் சத்தத்தை எழுத முடியவில்லை. முதலில் கை. அப்புறம் அவர் குரல்.

அதற்குள் தம்பி குட்டியை வேனில் தூக்கி எறிந்துவிட்டான். நான் ஏன் ஏறினேன்? குட்டி உள்ளே இருந்தது, அதனால் ஏறினேன். ஒற்றைக் கண்ணால் ஓட்டினான். "வாக்குன்னா வாக்கு" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே வந்தான். முதலாளி என் மடியில் மூத்திரம் போனான்.

மே 11

காலையில் வெல்டர் வந்தார். வலது கை முழங்கை வரை கட்டு. இடது கையில் சம்மட்டி. வேனின் முன் கண்ணாடி, விளக்குகள், பக்கக் கண்ணாடி, எல்லாவற்றையும் வரிசையாக உடைத்தார். தம்பி நெற்றியில் தையலோடு வாசலில் நின்று பார்த்தான்.

"குட்டியைக் குடுத்துடு."

"வேன் போனா போகட்டும். வாக்கு மீறினவங்களுக்கு நாய் கிடையாது."

தையல்காரி தெருவில் நின்று "முதலாளி!" என்று ஒரு தரம் கூப்பிட்டாள். பின்னால் கூண்டில் கம்பி வலை அதிர்ந்தது. மோதி மோதி அழுதது குட்டி. அவள் இரண்டாம் தரம் கூப்பிடவில்லை.

போலீசுக்குப் போக யாருமே பேச்செடுக்கவில்லை. போனால் இருவருக்குமே கேஸ். தம்பி மனைவி கண்ணாடித் தூளைப் பெருக்கினாள். "அண்ணி, செருப்பு போட்டுட்டு நடங்க" என்றாள். நேற்றிலிருந்து அவள் பேசியது அவ்வளவுதான்.

மே 19

முதலாளி சாப்பிடுவதில்லை. தட்டு வந்தால் மூலைக்குப் போய்விடுகிறான். தம்பி அந்தப் பெயரைச் சொல்வதில்லை. 'அந்தக் கெட்டுப்போனது' என்கிறான். நான் சொல்வேன். நாட்குறிப்பில் யார் தடுப்பது?

மே 28

பசி ஜெயித்துவிட்டது. சாப்பிடுகிறான். மெல்லுவதில்லை, விழுங்குகிறான். உடம்பால் தட்டை மூடிக்கொள்கிறான். தம்பி பாதியில் பிடுங்கினான். முதல் உறுமல். முதல் அடி.

ஜூன் 7

தம்பியோடு பேசினேன். அவன் மடையன் இல்லை, அதுதான் கஷ்டம். இறைச்சி வெட்டும் மேடையைக் கழுவிக்கொண்டே சொன்னான்: "நான் ஆசைக்கா அடிக்கிறேன்? நாளைக்கு ஒரு வீட்ல கைக்குழந்தை தவழ்ந்து தட்டு கிட்ட போயிட்டா? அதுக்குத்தான் இந்த நிபந்தனை. என் நாய் யாரையாவது கடிச்சிருக்குன்னு கேட்டிருக்கியா?"

"கடிபட்டவங்க உன்கிட்ட வந்து சொல்லுவாங்களாப்பா? வந்தா நீ வாரைத்தானே எடுப்பே."

"உனக்கு நாய் தெரியாதுக்கா."

தெரியாது, உண்மைதான். எனக்குத் தெரிந்தது எட்டு வயதுப் பிள்ளைகள். எழுதிக்கொண்டிருக்கும் பிள்ளையின் பென்சிலைத் தினமும் பாதியில் பிடுங்கினால், அது பென்சிலைக் கொடுக்கக் கற்றுக்கொள்ளாது. யாராவது பக்கத்தில் வந்தாலே பென்சிலை இறுக்கிப் பிடிக்கத்தான் கற்றுக்கொள்ளும். அதே பிள்ளைக்கு, பக்கத்தில் போகும்போதெல்லாம் ஒரு கலர் பென்சிலை வைத்துவிட்டு வந்து பாருங்கள். உங்கள் காலடி கேட்டதும் நோட்டை உங்கள் பக்கம் திருப்பி வைக்கும். இதைச் சொன்னேன்.

"கூண்டு பள்ளிக்கூடம் இல்ல" என்றான்.

ஜூன் 21

இன்று வார் அறுந்துவிட்டது. அவ்வளவு அடி. புது வார் வாங்க ஆள் அனுப்பினான்.

ஜூலை 12, ஞாயிறு

தம்பி சந்தோஷமாக இருக்கிறான். "பாத்தியாக்கா, உறுமறதை விட்டுடுச்சு. இப்ப எவ்ளோ வேணா பிடுங்கு, சத்தமே வராது."

ஜன்னலிலிருந்து பார்த்தேன். சத்தம் வரவில்லைதான். ஆனால் தட்டு போகும்போது அந்த உடம்பு மரக்கட்டை மாதிரி ஆகிறது. கண்ணின் வெள்ளை தெரிகிறது. மூச்சுகூட நிற்கிறது.

எங்கள் பள்ளியில் மணி இருந்தது. மணி அடித்தால் அடுத்தது என்ன என்று எல்லோருக்கும் தெரியும். ஒதுங்குகிறவன் ஒதுங்குவான், ஓடுகிறவன் ஓடுவான். உறுமல் அப்படி ஒரு மணி. தம்பி மணியைக் கழற்றிவிட்டான். நடக்கப்போவது அதனால் நிற்குமா?

பயமாக இருக்கிறது. அவனிடம் இதையும் சொன்னேன். "உதாரணம் சொல்லியே ஆளைக் கொன்னுடுவே நீ" என்று சிரித்தான்.

ஜூலை 19

தம்பி வெளியே போகும் நேரமாகப் பார்த்து நான் ஒன்று செய்கிறேன். முதலாளி தின்றுகொண்டிருக்கும்போது கூண்டைக் கடந்து நடக்கிறேன், தட்டில் ஒரு துண்டு இறைச்சியை வலை வழியாகப் போட்டுவிட்டுப் போய்க்கொண்டே இருக்கிறேன். நிற்பதில்லை, பேசுவதில்லை. முதல் நாள் பல்லைக் காட்டினான். இன்று என் காலடி கேட்டதும் தலையைத் தூக்கினான். வால் நுனி அசைந்தது. நுனி மட்டும்.

ஜூலை 26

மாட்டிக்கொண்டேன். தம்பி சீக்கிரம் திரும்பிவிட்டான். என்னை ஒன்றும் சொல்லவில்லை. நேராகக் கூண்டுக்குள் போய் அடித்தான், புது வாரின் பித்தளைப் பக்கத்தால். "இது எங்கக்கா போட்டதுக்கு. இது நீ வாங்கித் தின்னதுக்கு." நாயிடம் சொல்கிறானாம்.

நான் காதைப் பொத்திக்கொண்டு படியில் உட்கார்ந்துவிட்டேன். போடா. போடா நீ. நீயும் உன் வாக்கும்.

ஆகஸ்ட் 14

இடது கை. எழுத்து மூன்றாம் வகுப்பு.

ஆகஸ்ட் 15

வலது முன்கை இரண்டு இடத்தில் முறிந்திருக்கிறது. மாவுக்கட்டு. மெதுவாக எழுதுகிறேன்.

ஒன்பதாம் தேதி ஞாயிறு. அடுத்த ஈற்றில் ஒரு குட்டிக்குச் சொல்லிவைக்க ஒரு பல் டாக்டரும் அவர் மனைவியும் வந்திருந்தார்கள். "பாதித் தட்டு நல்லா பழகினா எப்படி இருக்கும்னு காட்டறேன்" என்று தம்பி முதலாளியை வெளியே கொண்டுவந்தான். டாக்டர், "பல்லு எனக்குப் பழக்கம்தான் மாஸ்டர்" என்று ஜோக் அடித்தார்.

தட்டு. இறைச்சி. பாதி. தம்பி கையை நீட்டினான்.

உறுமல் இல்லை. ஒன்றுமே இல்லை. சும்மா ஒரு தலை திரும்பியது, அவ்வளவுதான். அப்புறம் தம்பியின் வலது கை அதன் வாய்க்குள் இருந்தது. அவன் இழுத்தான். இழுத்திருக்கக் கூடாது. இரண்டு விரல்கள் அங்கேயே நின்றுவிட்டன.

டாக்டர் வாந்தி எடுத்தார். டாக்டரின் மனைவிதான் தன் துப்பட்டாவைக் கழற்றிக் கையைக் கட்ட ஓடினாள். தம்பி அவளைத் தள்ளிவிட்டு மண்வெட்டியை எடுத்தான். இடது கையால். முதல் வெட்டு பின்தொடையில். நாய் ஓடவில்லை, எங்கே ஓடும்? தட்டின் மேலேயே கவிழ்ந்து படுத்துக்கொண்டது. அடுத்ததற்கு அவன் ஓங்கியபோது நான் நடுவில் போய்விட்டேன். போக நினைத்தேனா, தெரியாது. கை தூக்கியிருந்தேன். மரம் முறிகிற சத்தம்.

அக்கா என்றான். மண்வெட்டியைப் போட்டான். அப்படியே உட்கார்ந்துவிட்டான். எங்கள் மூன்று பேர் ரத்தமும் ஒரே கால்வாயில் ஓடியது.

ஆகஸ்ட் 16

அன்றைக்கே ஒரு விரலைத் தேடி எடுத்தார்கள். ஒட்ட முடியவில்லையாம். தம்பி ஆஸ்பத்திரியில் இருக்கிறான். மனைவியிடம் சொல்லி அனுப்பியிருக்கிறான்: "நான் வர்ற வரைக்கும் அதை யாரும் தொடக் கூடாது. என் கையாலதான் முடிப்பேன்."

தம்பி மனைவி இதைச் சொல்லிவிட்டு, முதலாளியின் தொடையில் மருந்து தடவப் போனாள். "தொடக் கூடாதுன்னு அவரு சொன்னது கொல்றதுக்குத் தானே அண்ணி. மருந்துக்கு இல்லையே" என்றாள்.

ஆகஸ்ட் 17

தையல்காரிக்குப் போன் செய்தேன். வெளியூர்ப் பெரிய ஆஸ்பத்திரியில் இருக்கிறார்கள். வெல்டரின் விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு மடங்கவில்லையாம், பிரிக்கும் ஆபரேஷன். எல்லாவற்றையும் சொன்னேன். மூக்கை உறிஞ்சும் சத்தம். "வியாழக்கிழமை வந்துடறோம் டீச்சர். அது வரைக்கும் என் முதலாளி உங்க பொறுப்பு."

"அவன் ஆளைக் கடிச்சவன்மா இப்ப. முன்ன மாதிரி இல்ல."

"நீங்க அவ்ளோ அடி வாங்கினா கடிக்க மாட்டீங்களா?"

தம்பியை வெள்ளிக்கிழமைதான் விடுவார்கள். ஒரு நாள் முந்தியிருக்கிறோம். போதும்.

ஆகஸ்ட் 20, வியாழன்

தம்பி இன்று காலையிலேயே வந்துவிட்டான். ஆஸ்பத்திரி டாக்டரோடு சண்டை போட்டுக் கையெழுத்து போட்டுவிட்டு வந்தானாம்.

கேட் சத்தம் கேட்டதும் எனக்குத் தெரிந்துவிட்டது. மாவுக்கட்டோடு படி இறங்கிக் கூண்டுக்குள் போய், கதவை உள்ளேயிருந்து என் புடவைத் தலைப்பால் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். முதலாளி மூலையில் இருந்தான். என்னைக் கடிப்பானோ என்று பயந்தேன், பொய் சொல்வானேன். அவன் என் செருப்பை மோந்துவிட்டுத் தலையைத் தரையில் வைத்துக்கொண்டான்.

தம்பி வந்தான். வலது கை பஞ்சுமூட்டை மாதிரி. இடது கையில் இரும்புக் கம்பி.

"வெளிய வாக்கா."

"மாட்டேன்."

"உன் கையை உடைச்சதுக்கு உன் காலைப் பிடிக்கிறேன். இதை மட்டும் விடு. இது என் விரலைத் தின்னிருக்கு!"

"நீ அதோட வாயிலிருந்து பிடுங்கினே, அது உன் கையிலிருந்து பிடுங்கிச்சு. யார்கிட்டப்பா கத்துக்கிச்சு? என்கிட்டயா?"

கம்பியால் வலையில் அடித்தான். கூரை வரை அதிர்ந்தது. எல்லாக் கூண்டிலும் நாய்கள் குரைக்க ஆரம்பித்தன. இந்த ஒன்று மட்டும் குரைக்கவில்லை. நடுங்கியபடி என் முதுகுக்குப் பின்னால் நுழைந்தது. என் விலா எலும்பில் அதன் இதயம் அடிப்பது தெரிந்தது. அவன் மறுபடி அடித்தான். வலை கிழிந்து, கம்பி நுனி என் காதோரம் வந்து போனது. தோள் மேல் சூடாக ஏதோ வழிந்தது.

"முதல்ல நான். அப்புறம் அது. அடி!" என்றேன். வாழ்நாளில் யாரிடமும் 'அடி' என்று சொன்னதில்லை.

அவன் ஓங்கினான். அடி விழவில்லை. தண்ணீர் விழுந்தது. கூண்டு கழுவும் குழாயை முழு வேகத்தில் திறந்து அவன் முகத்திலேயே அடித்தாள் தம்பி மனைவி. வாய், மூக்கு, கண், கட்டுப் போட்ட கை, எங்கும். அவன் தடுமாறி வழுக்கி விழுந்தான். எழ முயன்றான், மறுபடி அடித்தாள். கம்பி உருண்டு கால்வாய்க்குள் போனது.

"போதும்யா!" அவள் இவ்வளவு சத்தமாகக் கத்தி நான் கேட்டதில்லை. "உன் தட்டு, உன் பாதி, உன் வாரு! இத்தனை வருஷம் இந்த வீட்ல ஒரு வாய் நிம்மதியா சாப்பிட்டிருக்கேனா நான்? நாயாவது கடிச்சுது. நான் அதுகூட செய்யலை!"

தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. அவன் எழவில்லை. நனைந்த கட்டிலிருந்து ரத்தம் கரைந்து இளஞ்சிவப்பாகக் கால்வாய்க்குப் போனது.

மதியத்துக்கு மேல் வெல்டரும் தையல்காரியும் வந்தார்கள். இருவரில் ஒருவருக்குக் கை கட்டு, எங்கள் பக்கம் இரண்டு பேருக்கு. நல்ல கூட்டம். வெல்டர் தம்பியின் கையைப் பார்த்தார். தம்பி அவர் கையைப் பார்த்தான். தையல்காரி கூண்டுக்கு வெளியே தரையில் உட்கார்ந்து, "முதலாளி, வேலைக்கு நேரமாச்சு" என்றாள். அவன் வருவதற்கு வெகுநேரம் ஆயிற்று. நொண்டி நொண்டி வந்தான். வந்தான்.

ஆகஸ்ட் 25

தையல்காரி போனில் கத்துகிறாள், சந்தோஷத்தில். "டீச்சர், உறுமறாரு! இன்னிக்கு தட்டு வெச்சுட்டு பக்கத்துல நின்னேன், முதலாளி என்னைப் பாத்து உறுமறாரு!"

"நீ என்ன செஞ்சே?"

"தேங்க்ஸ் சார்னு சொல்லிட்டு நகந்துட்டேன்."

சிரித்துச் சிரித்து மாவுக்கட்டு வலித்தது. மணி திரும்ப வந்துவிட்டது.

ஆகஸ்ட் 30

தம்பி பேசுவதில்லை. நாய்களுக்குச் சாப்பாடு வைப்பது தம்பி மனைவி. அவள் பிடுங்குவதில்லை. அவன் பார்க்கிறான், தடுப்பதில்லை. வார் ஆணியில் தொங்குகிறது.

செப்டம்பர் 13

இன்று சாப்பாட்டில் நடந்தது. தம்பி இப்போது இடது கையில் ஸ்பூன் பிடித்துச் சாப்பிடுகிறான். விரல் போன வலது கை தட்டைச் சுற்றி வளைந்திருக்கும். தட்டில் கொஞ்சம்தான் மீதி இருந்தது. இன்னும் போட்டுக் கொண்டுவரலாம் என்று அவன் மனைவி தட்டில் கை வைத்தாள்.

அவன் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. வார்த்தை இல்லை. ஸ்பூன் அவள் மணிக்கட்டை நோக்கித் திரும்பி, பாதியில் நின்றது.

அவள் கையை மெதுவாக எடுத்தாள். அவன் ஸ்பூனையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு அதை மேசையில் வைத்துவிட்டு எழுந்துபோய், பின்கட்டில் காலிக் கூண்டுக்கு முன்னால் நின்றான். தோள் குலுங்கியது. நான் போகவில்லை. போய் என்ன உதாரணம் சொல்வேன்?

செப்டம்பர் 14

ஆணியில் வார் இல்லை. குப்பைத் தொட்டியில் துண்டு துண்டாக இருந்தது. ஒரு கையால் வெட்டியிருக்கிறான். வெட்டு கோணல் கோணலாக இருந்தது.

அக்டோபர் 4, ஞாயிறு

மாவுக்கட்டு எடுத்தாயிற்று. இது வலது கை எழுத்து. கொஞ்சம் கோணல், ஆனால் என்னுடையது.

அடுத்த ஈற்றுக் குட்டிகளில் முதலாவது இன்று போனது. வாங்கியவர் பள்ளிப் பேருந்து ஓட்டுநர். வீட்டில் தவழும் குழந்தை இருக்கிறதாம். "உங்க நிபந்தனை எல்லாம் கேள்விப்பட்டிருக்கேன் மாஸ்டர். அந்தப் பாதித் தட்டு எப்படின்னு ஒரு தடவை காட்டிடுங்க" என்றார்.

தம்பி வலது கையைப் பையிலிருந்து எடுத்து அவர் முன்னால் நீட்டினான். "இப்படித்தான்" என்றான்.

ஓட்டுநர் வெளிறிப்போனார்.

"இப்ப ஒரே நிபந்தனைதான். அது சாப்பிடும்போது தட்டுல யாரும் கை வைக்கக் கூடாது. குழந்தையை அந்தப் பக்கமே விடக் கூடாது. நீங்க கிட்ட போகணும்னா எதையாவது போட்டுட்டு வாங்க. எடுத்துட்டு வராதீங்க. உறுமினா அடிக்காதீங்க, நகந்துக்கோங்க. நான் வந்து பாப்பேன். அடிச்சிருந்தா குட்டியைத் திருப்பிக் கொண்டுபோயிடுவேன்." பிறகு, என் பக்கம் திரும்பாமலே, "அக்கா, ஒரு உதாரணம் சொல்லு" என்றான்.

கலர் பென்சில் கதையைச் சொன்னேன். ஓட்டுநருக்குப் பிடித்திருந்தது. வாக்குக்குக் கை நீட்டினார். தம்பி இடது கையைக் கொடுத்தான்.

மதியம் மூன்று பேரும் சாப்பிட்டோம். தம்பி மனைவி கரண்டியோடு அவன் பக்கம் போனாள். வழக்கம் போல ஒரு அடி தள்ளியே நின்றாள். அவன் சாப்பிட்டுக்கொண்டே வலது கையைத் தட்டிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டான்.

அவள் பரிமாறினாள்.